தெற்கே விழும் நிழல்

பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பாடம் நடத்தும் ஆசிரிய நண்பர்களுக்கு என்மீது சிறு இரக்கம் உண்டு. பொதுத்தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் நாளிதழில் பள்ளியின் பெயர் வருவதும், நூறு விழுக்காட்டுத் தேர்ச்சிக்காக மேடையில் சால்வை போர்த்தப்படுவதும் அவர்களுக்குத்தான். ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்புகளோடு நின்றுவிட்ட என்னைப் போன்ற நடுநிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்கு அப்படி எதுவும் கிடைப்பதில்லை என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனாலும் அவர்களுக்கு வாய்க்காத ஒன்று எனக்கு வாய்த்திருக்கிறது. தவறான விடையைக் கூச்சமில்லாமல், உரக்க, காரணத்தோடு சொல்லக்கூடிய மாணவர்கள் என் வகுப்பில்தான் இருக்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் ஆசிரியர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பை எட்டியதும், கேள்வி கேட்டவுடன் நம் முகத்தைப் பார்த்தே விடையை ஊகிக்கவும், இது பரீட்சையில் வருமா என்று உறுதிசெய்துகொண்ட பிறகு பேனாவைத் திறக்கவும் பழகிவிடுகிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள மூன்று ஆண்டுகளில், உலகம் எப்படி இயங்குகிறது என்பதற்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் சொந்தமாக ஒரு கொள்கை இருக்கிறது. பாட்டி சொன்னது, கொல்லையில் பார்த்தது, யூடியூபில் கேட்டது, தானாக யோசித்தது எல்லாம் கலந்து உருவான கொள்கை அது. அதற்காகச் சண்டை போடவும் அவர்கள் தயார். "தப்பு, உட்கார்" என்று இரண்டே சொல்லில் அதை முடித்துவிடலாம். அப்படி முடிக்காமல், பேசப்படும் பொருளையே பதில் சொல்ல வைப்பதில்தான் இந்த வேலையின் சுகம் இருக்கிறது என்பது என் அனுபவம்.

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது எங்கள் பள்ளி. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்பில் நான் முதலில் கேட்பது நிழலைப் பற்றித்தான். உச்சி வெயிலில் நம் நிழல் எங்கே விழும்? பெரும்பாலோர் சொல்லும் பதில், "பன்னெண்டு மணிக்கு நெழலே இருக்காது மிஸ், காலுக்கடியில பூடும்" என்பதுதான். உச்சிப்பொழுது என்றால் கடிகாரத்தில் பன்னிரண்டு, பன்னிரண்டு என்றால் சூரியன் தலைக்கு நேர் மேலே, ஆகவே நிழல் இல்லை. கேட்பதற்கு மிகவும் கச்சிதமான வாதம். பெரியவர்களில் பலரும் இன்றுவரை இதையே நம்புகிறார்கள் என்பதால் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை.

விளையாட்டுத் திடலில் ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சியை நடுகிறோம். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் மூன்று பேர் போட்டி போடுவார்கள். பதினொன்றரை மணியிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிழலின் நுனி விழும் இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டே வர வேண்டும். பன்னிரண்டு அடிக்கிறது, நிழல் போகவில்லை. போகாததோடு, இன்னும் குறுகிக்கொண்டே இருக்கிறது. பன்னிரண்டே கால் வாக்கில்தான் அது மிகவும் குறுகி, பிறகு மறுபக்கம் நீளத் தொடங்குகிறது. மிகக் குறுகிய அந்த நிழலும் ஏறக்குறைய பதினெட்டு, பத்தொன்பது சென்டிமீட்டர் இருக்கிறது. இதற்குள் யாராவது ஒருவர் அது விழுந்திருக்கும் திசையைக் கவனித்துவிடுவார். "மிஸ், நெழலு தெக்கால வுழுது!" என்று ஒரு பெண் கத்தியபோது வகுப்பு முழுவதும் குச்சியைச் சுற்றிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நிழல் தெற்கே விழுகிறது என்றால் சூரியன் வடக்கே இருக்க வேண்டும். அதை ஒரு பையன் ஒப்புக்கொள்ளவே இல்லை. சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமாகத்தான் சாயும் என்பது அவன் கட்சி, அதற்கு அவனிடம் சாட்சியும் இருந்தது. "எங்க வூட்டுத் தெக்குச் செவுருதான் மிஸ் கொதிக்கும். வடக்குச் செவுரு சில்லுன்னு கீது." இந்தச் சாட்சியில் பிழை எதுவும் இல்லை, மார்கழியிலும் தையிலும் அவன் தொட்டுப் பார்த்த சுவர் அது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் இரண்டு சுவர்களையும் தொட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிவதற்குள் அவன் என்னிடம் வந்து, வடக்குச் சுவரும் சுட்டது என்று ஒரு புகாரைப் போலச் சொன்னான். அவனுடைய பழைய விடை எங்கே தவறியது என்று நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிசம்பரில் மறுபடி அளக்கலாம் என்று அவனே அறிவித்துவிட்டான்.

டிசம்பர் கடைசி வாரத்தில் அதே குச்சியின் நண்பகல் நிழல் வடக்கே எழுபத்து மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு நீள்கிறது. வேலூர் வட்டாரம் வடக்கு அட்சரேகை 13 பாகையை ஒட்டி இருப்பதும், சூரியன் ஜூனில் 23.4 பாகை வடக்கேயும் டிசம்பரில் அதே அளவு தெற்கேயும் போய் வருவதும்தான் காரணம். இதைப் பாடப்புத்தகத்தின் படத்திலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் உத்தராயணம், தட்சிணாயனம் என்று எழுதிக்கொண்டு மறந்துவிடுவார்கள். கூழாங்கல்லிலிருந்து தொடங்கினால், 'அப்படியானால் நடுவில் ஒரு நாள் நிழல் தெற்கிலிருந்து வடக்கே தாண்டியிருக்க வேண்டுமே' என்பதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். அந்த நாள் ஆண்டில் இரண்டு முறை வருகிறது. ஏப்ரல் 24, 25 வாக்கில் ஒரு முறை. அப்போது ஆண்டுத்தேர்வும் விடுமுறையும் குறுக்கே நிற்கும். மற்றொன்று ஆகஸ்ட் 18ஐ ஒட்டி வருகிறது. அன்று மேகம் வந்து கெடுத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்ளும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. வானம் திறந்திருந்த ஓர் ஆண்டில் சத்துணவுக் கூடத்திலிருந்து எவர்சில்வர் டம்ளர்களைக் கேட்டு வாங்கி, திடல் முழுவதும் கவிழ்த்து வைத்தோம். பன்னிரண்டு மணி பதினெட்டு நிமிடம் வாக்கில் டம்ளர்களைச் சுற்றியிருந்த கறுப்பு விளிம்பு மறைந்தது. கொடிக்கம்பத்துக்கு நிழல் இல்லை, அடிகுழாயின் கைப்பிடிக்கு மட்டும் நேர் கீழே ஒரு கோடு. டெல்லியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி ஆயுளுக்கும் கிடைக்காது, ஏனெனில் அந்நகரம் கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது என்று சொன்னபோது வகுப்பில் எழுந்த பெருமிதம் கொஞ்சநஞ்சம் இல்லை. வேலூர் வெயிலைப் பற்றி யாராவது பெருமைப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

கடிகாரத்துக்குச் சூரியன் ஏன் பின்தங்கியது என்பது இதன் இரண்டாவது சண்டை. பள்ளிக் கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்ற கட்சிக்கு எப்போதும் ஆள் பலம் அதிகம். கைப்பேசியில் சரிபார்த்ததும் அந்தக் கட்சி கலைந்துவிடும். இந்தியா முழுமைக்குமான நேரம், உத்தரப்பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. குடியாத்தம் அதற்கு மேற்கே மூன்றரைப் பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுற்ற நான்கு நிமிடம் என்பதால், நம் ஊருக்குச் சூரியன் உச்சி வருவது சராசரியாகப் பதினான்கரை நிமிடம் தாமதம். எட்டாம் வகுப்பில் இதையும் தாண்டிப் போகலாம். பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து, உச்சி நேரத்தை ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் இழுக்கின்றன. பிப்ரவரி நடுவில் அது பன்னிரண்டு இருபத்தெட்டு வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டு அடிப்பதற்குச் சற்று முன்பே வந்துவிடும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தேவையா என்று ஒரு மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார். ஆனால் நான் சொல்லித்தான் அவர்கள் கேட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நவம்பரில் குச்சியோடு திடலுக்குப் போய், நேரம் மாறிவிட்டதே என்று திரும்பி வந்து கேட்டவர்கள் அவர்கள்தான்.

வெயிலைப் பற்றிய இன்னொரு வழக்கு பானையைப் பற்றியது. எங்கள் வட்டாரத்தில் ஜூனிலும் வெயில் குறைந்தபாடில்லை. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒரு மண்பானை எப்போதும் இருக்கும். பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது என்ற கேள்விக்கு ஆறாம் வகுப்பின் ஒருமித்த தீர்ப்பு, மண் குளிர்ச்சி என்பது. பூமிக்கு அடியிலிருந்து எடுத்த மண் அது, பூமிக்கு அடியில் குளிர்ச்சி, ஆகவே பானையும் குளிர்ச்சி. கிணற்றில் இறங்கிப் பார்த்த ஒருவன் இதற்கு உறுதிமொழி கொடுத்தான்.

மண்ணே இல்லாமல் குளிர்ச்சி வருமா என்று பார்க்க, இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் ஒரே குடத்துத் தண்ணீரை நிரப்பி, ஒன்றுக்கு மட்டும் ஈரத்துணி சுற்றி ஜன்னலோரம் வைத்தோம். மதிய உணவு முடிந்து வந்து வெப்பநிலைமானியை விட்டுப் பார்த்தால் துணி சுற்றிய பாட்டில் பல டிகிரி குறைவாகக் காட்டியது. நான் அத்தோடு பாடத்தை முடிக்க எண்ணியிருந்தேன். அப்போது எழுந்தாள் ஒருத்தி. குழாயில் நனைத்த துணியில் ஏற்கெனவே குளிர்ச்சி இருந்திருக்கும், அந்தக் குளிர்ச்சிதான் பாட்டிலுக்குள் போயிருக்கும் என்றாள். மறுநாள் அவளே சோதனையைத் திருத்தி அமைத்தாள். துணியை நனைக்கும் தண்ணீரும் அதே குடத்திலிருந்து வர வேண்டும். மூன்றாவதாக ஒரு பாட்டிலுக்கு ஈரத்துணி சுற்றி, அதன்மேல் பாலித்தீன் பையை இறுகக் கட்டிவிட வேண்டும். மூன்றாவது பாட்டில் குளிரவில்லை. ஈரம் இருந்தும் குளிரவில்லை, ஏனென்றால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லை. ஆராய்ச்சிக் கூடங்களில் இதற்குக் கட்டுப்பாட்டுச் சோதனை என்று பெயர். பெயர் தெரியாமலே ஒரு பதினொரு வயதுச் சிறுமி அதை அமைத்தாள் என்பதை அந்த வாரம் முழுவதும் கேட்டவர் கேளாதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு கணக்குப் போட்டோம். சாதாரண வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரிலிருந்து பத்து கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி, கசிந்து ஆவியாகிவிட்டால், வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராத பட்சத்தில், மீதி நீர் கிட்டத்தட்ட ஆறு டிகிரி குளிர்ந்துவிடும். இரண்டு தேக்கரண்டி என்றதும் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. நியாயம்தான், எனக்கே அந்த எண் ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது. சென்னையில் சித்தி வீட்டுப் பானை இவ்வளவு குளிர்வதில்லையே என்று ஒருவன் கேட்டான். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் பானை நீர் ஆவியாக இடம் குறைவு, நம் ஊர்க் காற்று வறண்டது என்ற விளக்கத்தை நான் தொடங்கி வைத்தேன், அவர்கள் முடித்தார்கள். ஐப்பசி மழையில் அதே சோதனையைத் திரும்பச் செய்தால் பாட்டில்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டும். தோற்றுப்போன சோதனை என்று யாரும் சொல்வதில்லை இப்போது.

குடியாத்தம் பக்கத்தில் அறிவியல் சொல்லித்தருபவர் தீப்பெட்டியைத் தாண்டிப் போக முடியாது. நெசவுக்கு அடுத்தபடியாகப் பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அது. குச்சியின் தலையில் இருப்பதை இங்கே மருந்து என்றுதான் சொல்வார்கள். நெருப்பு குச்சியில்தான் இருக்கிறது, பெட்டியின் ஓரம் சொரசொரப்புக்காக மட்டுமே என்று எட்டாம் வகுப்பில் ஒருவன் அடித்துச் சொன்னான். சொரசொரப்புதான் வேண்டும் என்றால் உப்புத்தாளில் உரசிப் பார் என்று கொடுத்தேன். கருங்கல்லிலும் பள்ளிச் சுவரிலும் கூட உரசினான். மருந்து உதிர்ந்ததே தவிரப் பற்றவில்லை. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது, அது ஆக்சிஜனைக் கொடுக்கும். பெட்டியின் ஓரத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது, உரசும் சூட்டில் முதலில் பற்றுவது அதுதான். இரண்டும் ஒன்றாகக் கலந்தால் விபரீதம் என்பதால்தான் ஒன்றைக் குச்சியிலும் மற்றொன்றைப் பெட்டியிலும் பிரித்து வைத்தார்கள். 1844ல் ஸ்வீடனில் இந்த உத்திக்குக் காப்புரிமை பெற்றார்கள். தன் பாட்டி ஒரு காலத்தில் தீப்பெட்டிக் கம்பெனியில் கட்டை அடுக்கியவர் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாணவி, மருந்து முக்கும் இடமும் பெட்டிக்குப் பட்டை தடவும் இடமும் ஏன் தனித்தனியாக இருந்தன என்பது தனக்கு இப்போது புரிகிறது என்றாள்.

அமிலம், காரம் பாடம் இன்னும் எளிது. சட்டையில் பட்ட சாம்பார்க் கறை துணி சோப்புப் போட்டதும் சிவப்பாகி, அலச அலச மஞ்சளாகத் திரும்புவதைப் பார்க்காத பிள்ளை இங்கே கிடையாது. மஞ்சள்தூளும் சங்குப்பூச் சாறும் இருந்தால் போதும். எலுமிச்சையில் ஊதாவும் சோப்பு நீரில் பச்சையுமாக அது மாறும்போது வகுப்பில் எழும் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். இந்தப் பாடத்தில் என் நினைவில் நிற்பது நிறமாற்றத்தைவிட ஒரு மாணவியின் பேச்சு. பேரணாம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவரின் மகள் அவள். தோல் வாடை என்று அவளை மற்றவர்கள் கேலி செய்வதை நான் அறிவேன். காரத்தன்மை பற்றிப் பேசியபோது, தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டால் மயிர் தானாகக் கையோடு வந்துவிடும் என்று எழுந்து சொன்னாள். எத்தனை நாள் ஊற வேண்டும், தொட்டியில் இறங்குகிறவர் காலில் என்ன போட்டுக்கொள்வார், கையில் பட்டால் தோல் எப்படி வெடிக்கும் என்று அவள் விளக்க விளக்க, கேள்விகள் எனக்கு வருவது நின்று அவளுக்குப் போகத் தொடங்கின. மயிரைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தைக் காரம் தளர்த்துகிறது, ஆவாரம்பட்டையில் உள்ள டானின் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது என்று நான் சேர்த்தவை இரண்டு வரிதான். ஆவாரம்பட்டை இருந்த இடத்துக்குக் குரோமியம் வந்தது, அது பாலாற்றங்கரையின் கிணறுகளை என்ன செய்தது, அதற்காக உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் 1996ல் வந்த தீர்ப்பு என்ன என்பவையும் இதே பாடத்தில் பேசப்பட வேண்டியவை. அந்தப் பிள்ளையின் வீட்டு அடுப்பு எரிவதும் அதே தொழிலால்தான் என்பதால், யாரையும் குற்றவாளியாக்காமல் அதைப் பேசுவது சிரமம். ஆனாலும் பேசுகிறோம்.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, ஆற்றில் தண்ணீரைப் பார்த்தே இராத பிள்ளைகள் அந்த வியப்பிலிருந்து வெளியே வரப் பல நாள் ஆயிற்று. வெள்ளம் வடிந்த பிறகு கரையில் கீழே பருமணலும் மேலே வண்டலும் படிந்திருந்ததை ஒரு பாட்டில் சேற்று நீரைக் குலுக்கி வைத்து விளங்கிக்கொண்டோம். அதிகம் சொல்ல வேண்டியிராத, தானே நடந்துவிட்ட பாடம்.

இவ்வளவும் படிக்கும் ஆசிரியர் ஒருவர், இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பார். நேரம் இல்லைதான். பருவத்துக்கு இத்தனை அலகு என்று இருக்கிறது, வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு இருக்கின்றன, அவற்றோடு கைப்பேசியில் நாள்தோறும் பதிவேற்ற வேண்டிய விவரங்கள் பாடவேளையில் பாதியைத் தின்றுவிடுகின்றன. தனி ஆய்வகமோ உதவியாளரோ நடுநிலைப் பள்ளியில் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் ஆய்வகம் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. 1972ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியபோது அந்தப் பள்ளிகள் எங்கள் பள்ளியைவிட வசதியாக இருந்திருக்காது. பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்றார்கள், புத்தகத்தைத் திறந்து வைத்துத் தேர்வு எழுதினார்கள். நம் மாநிலத்தில் 2022 நவம்பரில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்காக வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. கருத்தாளர்கள் கைப்பையில் பொருட்களோடு வந்து செய்துகாட்டும் நாட்களில் வருகைப் பதிவேட்டில் இடைவெளியே இராது. அலகு முடிக்க வேண்டிய அவசரத்தில் நானும் கரும்பலகையில் வரையறை எழுதிப் போடும் வாரங்கள் உண்டு. அந்த வாரங்களில் பிள்ளைகள் மிகவும் ஒழுங்காக இருப்பார்கள், எனக்கு அலுப்பாக இருக்கும்.

எட்டாம் வகுப்பை ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வான் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனது பற்றி எழுதாமல் முடியாது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது, பிறகு வேலூர் மாவட்டமானது, 2019க்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம். பெயர்கள் மாறினாலும் பேருந்து போகும் பாதை ஒன்றே. 1986ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் குவிமாடத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வாயடைத்துப் போனது உண்மைதான் என்றாலும், வாக்குவாதம் மூண்டது அதைவிடச் சிறிய ஒரு மீட்டர் தொலைநோக்கியைப் பற்றி. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. அதைப் பார்க்க உலகின் சில இடங்களில் காத்திருந்தவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீன் சில கணங்கள் மங்கி மங்கி மீண்டது; அமெரிக்காவிலிருந்து வந்து இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி பார்த்த குழுவுக்கு, முன்னால் ஐந்து முறையும் பின்னால் ஐந்து முறையும் அப்படி மங்கியது தெரிந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது இப்படித்தான். காவலூரிலும் அந்த மங்கல் பதிவாயிற்று.

வளையத்தைப் பார்க்காமலே வளையம் என்று எப்படிச் சொன்னார்கள் என்று திரும்பும் பேருந்தில் ஒருத்தி கேட்டாள். அடுத்த நாள் வகுப்பில் கைப்பேசி விளக்கை மேசைமேல் வைத்து, பந்து ஒன்றைச் சுற்றி வளையல்களைக் கம்பியால் கட்டி, விளக்குக்குக் குறுக்கே மெதுவாக நகர்த்தினோம். ஒரு துளை வழியாகப் பார்த்தவர்கள் ஒவ்வொரு முறை மங்கும்போதும் கையைத் தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. தட்டல்கள், பந்தின் இருட்டு, மறுபடி தட்டல்கள். தெளிவாகிவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் மறுத்தான். அவை வளையங்களாக ஏன் இருக்க வேண்டும், சின்னச் சின்ன நிலாக்கள் குறுக்கே வந்திருக்கலாமே என்றான். நிலா ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கமும் அதே தூரத்தில் இன்னொன்று இருக்க வேண்டுமே என்று முன்வரிசை பதில் சொன்னது. இரண்டு நிலா அப்படி இருக்கக் கூடாதா என்றான் அவன். இரண்டு இருக்கலாம், ஐந்து ஜோடி இருக்குமா என்றார்கள் இவர்கள். இருக்கவே முடியாது என்று உங்களால் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டு அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஐந்து நிலாக்கள் ஒரு பக்கமும் ஐந்து நிலாக்கள் மறுபக்கமும், அந்த ஒரே இரவில், ஒன்றுக்கொன்று சரியான தூரத்தில் வந்து நிற்க எத்தனையில் ஒரு வாய்ப்பு என்று கணித ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். இந்த வாரம் அந்தக் கணக்கு வர வேண்டும்.